தீயணைக்கப் போன தன்னார்வலருக்குக் கை முறிந்தால்... சம்பளமே இல்லாதவருக்கு இழப்பீடு யார் தருவது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் பேஜர் அலறுகிறது. பகலில் பிளம்பர் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஊர்க்கோடியில் ஒரு வீடு எரிகிறது. தீ அணைகிறது. ஆனால் ஏணியில் இருந்து சறுக்கி விழுந்ததில் அவருடைய வலது கை முறிந்துவிட்டது. அடுத்த மூன்று மாதத்துக்கு அவரால் ஒரு ஸ்பேனரைக்கூடப் பிடிக்க முடியாது.

அந்த மூன்று மாத வருமானத்தை யார் தருவது?

அவர் வேலை பார்க்கும் பிளம்பிங் கம்பெனியிடம் கேட்டால், "எங்க வேலையில அடிபடலையே" என்று சொல்லும். அது நியாயம்தான். தீயணைப்பு நிலையத்திடம் கேட்டால், "இவர் எங்க ஊழியர் இல்லையே, தன்னார்வலர்தானே" என்று சொல்லலாம். சட்டப்படி பார்த்தால் அதுவும் சரிதான். மருத்துவக் காப்பீடு இருந்தால் ஆஸ்பத்திரி பில் அடைபடும். வீட்டு வாடகையை அது கட்டாது.

இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் நடுவில் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கிறது. இந்த ஓட்டையை அமெரிக்க மாநிலங்கள் எப்படி அடைத்தன? ஒவ்வொரு மழைக்காலத்திலும் தன்னார்வலர்களை நம்பியே கரையேறும் நாம் ஏன் இன்னும் அடைக்கவில்லை?

சம்பளம் இல்லாத தீயணைப்பு வீரர்களா?

நம் ஊரில் தீயணைப்பு வீரர் என்றால் அரசு ஊழியர். 101-க்கு போன் செய்தால் வருவது அரசு வண்டி. அமெரிக்காவில் நிலைமை வேறு. பெரிய நகரங்களில்தான் சம்பளம் வாங்கும் வீரர்கள் அதிகம். சிற்றூர்களில் பெரும்பாலும் ஊர்க்காரர்களே தீயணைப்புப் படை. பள்ளி ஆசிரியர், மெக்கானிக், கடைக்காரர் என்று பலரும் பயிற்சி எடுத்துக்கொண்டு, அழைப்பு வந்தால் ஓடுவார்கள்.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. 1736-ல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் பிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனி என்ற தன்னார்வப் படையைத் தொடங்கினார். வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் 1928-ல் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் தன்னார்வ மீட்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். சிறுவனாக இருந்தபோது ஆற்றில் இரண்டு பேர் மூழ்கிச் சாவதைக் கரையில் நின்று பார்த்தவர் அவர். 'ரெஸ்க்யூ ஸ்குவாட்' எனப்படும் மீட்புக் குழுக்கள் அமெரிக்கா முழுக்கப் பரவியதற்கு அந்தக் குழு ஒரு முன்மாதிரி.

இன்றைய அளவு என்ன? அந்நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு கணக்குப்படி, மொத்தத் தீயணைப்பு வீரர்கள் 10,41,200 பேர். அதில் 6,76,900 பேர், அதாவது 65 சதவீதம், தன்னார்வலர்கள். இவர்கள் நாளைக்கே "நாங்க வரல" என்று சொல்லிவிட்டால், பல ஊர்களில் எரியும் வீட்டுக்குத் தண்ணீர் அடிக்க ஆள் இருக்காது.

சட்டம் எங்கே சிக்குகிறது?

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்பது ஒரு பேரம். வேலையில் அடிபட்டால், யார் மீது தப்பு என்று பார்க்காமல் முதலாளி இழப்பீடு தர வேண்டும். பதிலுக்குத் தொழிலாளி முதலாளி மீது தனியாக நஷ்ட ஈடு வழக்குப் போட முடியாது. அமெரிக்காவில் 1911-ல் விஸ்கான்சின் மாநிலம் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாக இந்த ஏற்பாடு வந்தது. இந்தியாவில் 1923-ல் வந்தது.

இந்தச் சட்டம் கேட்பது இரண்டே கேள்விகள். ஒன்று, உன் முதலாளி யார்? இரண்டு, உன் சம்பளம் எவ்வளவு? இழப்பீடு கணக்கிடப்படுவதே சம்பளத்தின் சதவீதத்தில்தான்.

தன்னார்வலரிடம் இரண்டுக்கும் பதில் கிடையாது. முதலாளி இல்லை. சம்பளம் பூஜ்யம். பூஜ்யத்தில் எத்தனை சதவீதம் எடுத்தாலும் பூஜ்யம்தானே?

'ஊழியராகக் கருதப்படுவார்'

இதற்குச் சட்டம் எழுதியவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. தன்னார்வலர் ஊழியர் இல்லைதான். ஆனால் அடிபட்டால், இழப்பீட்டுக்காக மட்டும் அவரை ஊழியராகக் 'கருது'. சம்பளம் இல்லைதான். ஆனால் கணக்குக்காக ஒரு சம்பளம் இருப்பதாகக் 'கருது'. நியூயார்க் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கென்றே தனிச் சட்டம் வைத்திருக்கிறது. 1957-ல் இருந்து அது நடைமுறையில் உள்ளது. அங்கே எவ்வளவு சம்பளம் போனது என்று பார்ப்பதில்லை. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆனால் 'கருதுவது' என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. எவ்வளவு சம்பளம் என்று கருதுவது? இங்கேதான் மாநிலத்துக்கு மாநிலம் மனசு வேறுபடுகிறது.

வர்ஜீனியாவில், தன்னார்வலர்களை ஊழியர்களாக ஏற்கிறோம் என்று உள்ளாட்சி மன்றம் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தீயணைப்புக் குழுவே முதலாளியாக இருக்க ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஊரில் அந்தத் தன்னார்வலருக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. இடம் உள்ளவருக்கும் கிடைப்பது குறைந்தபட்ச இழப்பீடுதான். பிளம்பராக அவர் எவ்வளவு சம்பாதித்தாலும், மாநிலத்தின் சராசரி வாரச் சம்பளத்தில் கால்வாசியை வைத்துத்தான் குடும்பம் ஓட வேண்டும். காப்பீட்டு பிரீமியம் கணக்கிட ஒரு தன்னார்வலரின் மாதச் சம்பளமாகச் சட்டம் எடுத்துக்கொள்வது வெறும் 300 டாலர். ஊர்ப் பஞ்சாயத்துக்குச் செலவு குறைவு. அடிபட்டவருக்கும் வரவு குறைவு.

நியூ ஜெர்சி இதற்கு நேர் எதிர். தன்னார்வத் தீயணைப்பு வீரர் அதிகபட்ச இழப்பீட்டுக்குத் தகுந்த சம்பளம் வாங்குவதாகவே அந்த மாநிலச் சட்டம் கருதுகிறது. மற்ற வேலையில் அவர் வாங்குவது குறைவாக இருந்தாலும் சரி.

அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. 2015-ல் பிரிட்ஜ்வாட்டர் டவுன்ஷிப்பில் தீ விபத்துக்குப் போன ஒரு பெண் தன்னார்வலர் பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. அப்போது அவர் வேறு எந்த வேலையிலும் இல்லை. "வேலையே இல்லாதவருக்கு என்ன வருமான இழப்பு?" என்று கேள்வி எழுந்தது. கீழே இருந்த அமைப்புகள் அவருக்குத் தற்காலிக ஊனத்துக்கான தொகை இல்லை என்றன. 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தன்னார்வலருக்கு வெளியில் வேலை இருந்தால்தான் பணம் என்று சட்டம் சொல்லவில்லை, ஆகவே அவருக்கும் உண்டு என்றது.

வீட்டு வேலை பார்ப்பவர், படிப்பவர், ஓய்வு பெற்றவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர் என்று பகல் நேரத்தில் அழைப்பு வந்தால் ஓடக்கூடிய நிலையில் இருப்பவர்களே இவர்கள்தான். "உனக்குத்தான் வருமானம் இல்லையே" என்று அவர்களை ஒதுக்கினால் பகலில் படை எங்கே இருக்கும்?

நெஞ்சுவலி வந்தால்?

தீயணைப்பு என்றதும் தீக்காயம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பணியில் இறப்பதற்கு முதன்மையான காரணம் மாரடைப்பு. தூக்கத்தில் இருந்து திடீரென்று எழுந்து, கனமான கவச உடையோடு, கடும் வெப்பத்தில் உடம்பை முறுக்கினால் இதயம் தாங்குவதில்லை.

இங்கே வழக்கமாக வரும் வாதம்: "அவருக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்தது, பணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." பணியில் இறக்கும் பாதுகாப்பு வீரர்களின் குடும்பத்துக்கு அமெரிக்க மத்திய அரசு உதவித்தொகை தரும் சட்டம் 1976-ல் வந்தது. தன்னார்வத் தீயணைப்பு வீரர்களும் அதில் உண்டு. அந்தத் தொகை இப்போது 4 லட்சம் டாலருக்கு மேல். 2003-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான பணி முடிந்த 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தால், அது பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் மறுப்பவர் மீது. கணவரை இழந்து நிற்கும் பெண்ணிடம் "ஆதாரம் கொண்டா" என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, நம் ஊரில் என்ன நிலைமை?

நம்மிடம் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்கள் இல்லைதான். ஆனால் தன்னார்வ மீட்பு இல்லாத பேரிடர் என்று ஒன்றைச் சொல்ல முடியுமா? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்தார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தபோது, உள்ளூர் மக்கள்தான் முதலில் மலையேறினார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மூழ்கியபோதும் படகுகள் வந்தன.

அரசும் இவர்களை முறையாகத் திரட்டுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டம், 350 மாவட்டங்களில் 1 லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தர 369.41 கோடி ரூபாயில் விரிவாக்கப்பட்டது. பயிற்சி உண்டு, உபகரணப் பை உண்டு, காப்பீடும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் அந்தக் காப்பீடு திட்டத்தோடு வருவது. திட்டம் முடிந்தால், நீட்டிப்பு வராவிட்டால், அதுவும் முடிந்துவிடும். சட்டம் தரும் உரிமை அப்படி முடியாது.

சட்டத்தில் என்ன இருக்கிறது? 2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் தீயணைப்புப் படையில் பணிபுரிபவர் இருந்தார். ஆனால் 'பணிபுரிபவர்' மட்டும்தான். சிவில் டிஃபென்ஸ் தன்னார்வலர்களுக்கு 1962-ல் வந்த தனிநபர் காயங்கள் சட்டத்தில் இடம் உண்டு. அது போர்க்கால அவசரநிலைக்கு எழுதப்பட்டது, மழை வெள்ளத்துக்கு அல்ல. சிவில் டிஃபென்ஸ் சட்டத்தைத் திருத்தி, பேரிடர் மேலாண்மையையும் அவர்கள் வேலையாகச் சேர்த்தாயிற்று. சாலை விபத்தில் உதவுபவரைப் பாதுகாக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் தனிப் பிரிவே வந்தது. அது அவர் வழக்கில் சிக்காமல் பார்த்துக்கொள்ளும். அவருக்கே அடிபட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். தொழிற்சாலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. சம்பளத்தில் 90 சதவீதத்தை, குணமாகும் வரை தரும். அதே தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தில் இறங்கிக் காலை உடைத்துக்கொண்டால் அது 'பணிக் காயம்' ஆகாது. சாதாரண நோய்க்கான 70 சதவீதம், அதிகபட்சம் 91 நாள், அவ்வளவுதான். அதுவும் இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு. படகு ஓட்டி வந்த மீனவருக்கு அதுவும் இல்லை. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில், இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனமானால் 1 லட்சம். கால் முறிந்து ஆறு மாதம் வீட்டில் கிடந்தால் அதில் ஒன்றும் கிடையாது.

கருணைக்கும் உரிமைக்கும் எவ்வளவு தூரம்?

மிஞ்சியிருப்பது பேரிடர் நிவாரண நிதி. அதன் விதிமுறை, மீட்புப் பணியில் ஈடுபட்டவர்களையும் சேர்த்தே பேசுகிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். 2022 முதல் 2026 வரைக்கான விதிப்படி, இறந்தால் 4 லட்சம் ரூபாய். 60 சதவீதத்துக்கு மேல் ஊனம் என்றால் 2.5 லட்சம். 40 முதல் 60 சதவீதம் வரை என்றால் 74,000. பலத்த காயத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் 16,000. ஒரு வாரத்துக்குள் என்றால் 5,400.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 வயதுக்காரர் ஒருவர். 1923 சட்டத்தில் 2020 முதல் இருந்த மாதச் சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாயை அவருடைய சம்பளமாகக் 'கருதினால்' என்ன கிடைக்கும்?

இறந்தால்: சம்பளத்தில் பாதி 7,500. அதை அந்த வயதுக்கான எண்ணான 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். நிவாரண நிதியில் 4 லட்சம்.

முழு நிரந்தர ஊனம் என்றால்: 9,000-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 18,71,820 ரூபாய். நிவாரண நிதியில் 2.5 லட்சம்.

கை முறிந்து ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாவிட்டால்: அரை மாதத்துக்கு ஒரு முறை 3,750 வீதம் சுமார் 45,000 ரூபாய். கூடவே சிகிச்சைச் செலவு தனி. நிவாரண நிதியில் அதிகபட்சம் 16,000.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-ம் இழப்பீட்டுக்கு இதே சூத்திரத்தைத்தான் பின்பற்றுகிறது. அதனால் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. கருணைத் தொகை முக்கியமாகச் சாவை நினைத்து வகுக்கப்பட்டது. ஆனால் மீட்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் உயிரோடுதான் திரும்புகிறார்கள். முதுகில் அடி, முறிந்த கால், அழுக்குத் தண்ணீரில் வந்த எலிக்காய்ச்சல், புகையில் கெட்ட நுரையீரல் என்று திரும்புகிறார்கள். செய்தியில் வராத இவர்களுக்குத்தான் மாதக்கணக்கில் வருமானம் போகிறது. இறந்தவர் வீட்டுக்கு அமைச்சர் வருவார், முதல்வர் நிவாரண நிதியில் இருந்து கூடுதலாகவும் கிடைக்கலாம். கட்டுப் போட்ட காலோடு வீட்டில் கிடப்பவரைத் தேடி யார் வருவது?

"காசு கொடுத்தா அது தொண்டா?"

இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் முதல் கேள்வி இது. பதில் எளிது. இழப்பீடு என்பது கூலி அல்ல. பத்திரமாகத் திரும்பி வருபவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நேரத்தையும் உழைப்பையும் அவர் இலவசமாகத் தருகிறார். தன் குழந்தைகளின் சாப்பாட்டையும் சேர்த்து இலவசமாகத் தருவதாக அவர் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டாவது கேள்வி: "வெள்ளத்துல ஆயிரம் பேர் இறங்குறாங்க, யாரை எப்படி அடையாளம் காண்றது? நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்களே?" இது நியாயமான கவலை. பதிவு செய்த தன்னார்வலர் விஷயத்தில் பிரச்சினையே இல்லை. பெயர், பயிற்சி, அழைத்த நேரம் எல்லாம் ஆவணத்தில் இருக்கும். பதிவு செய்யாமல் இறங்குபவர்களுக்கு, களத்தில் இருக்கும் தாசில்தாரோ தீயணைப்பு அதிகாரியோ ஒரு பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதி வைத்தால் போதும். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்களின் படகுகளுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அந்த மாநில அரசு அறிவித்தது. படகுக்குக் கணக்குப் போட முடியும் என்றால், படகை ஓட்டிய கைக்கும் காலுக்கும் போட முடியாதா?

மூன்றாவது, செலவு. ஒவ்வொரு தன்னார்வலருக்கும் அரசு பணம் கட்டப்போவதில்லை. அடிபடும் சிலருக்குத்தான் கொடுக்கப்போகிறது. இதே வேலையைச் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

என்ன செய்யலாம்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆப்த மித்ரா, சிவில் டிஃபென்ஸ் போன்ற பட்டியலில் இருப்பவர்களை, அரசு அழைத்துப் பணியில் இருக்கும் நேரத்துக்கும் பயிற்சி நேரத்துக்கும், இழப்பீட்டுக்காக மட்டும் ஊழியர்களாகக் கருத வேண்டும். அரசுதான் முதலாளி என்று எழுதிவிட வேண்டும். அவர்களுடைய உண்மையான வருமானம் என்னவாக இருந்தாலும், சட்டத்தின் உச்சவரம்பைச் சம்பளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். களப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கும் அதே உரிமை வேண்டும். எலிக்காய்ச்சல், மாரடைப்பு போன்றவை குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும்.

இதில் எந்த மாதிரியைப் பார்த்து எழுதுகிறோம் என்பதும் முக்கியம். வர்ஜீனியா போல "உள்ளாட்சி விரும்பினால்" என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால், பணம் இல்லாத பஞ்சாயத்துகள் விரும்பாது. வெள்ளம் முதலில் வருவது பெரும்பாலும் அந்த ஊர்களுக்குத்தான். நியூ ஜெர்சி போல, வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்காத சட்டம்தான் நமக்குப் பொருந்தும். இங்கே வெள்ளத்தில் இறங்குபவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது.

அடுத்த வடகிழக்குப் பருவமழை வரும்போதும் யாரோ ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார். சட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் இறங்கப்போவதில்லை. அதனாலேயே அந்தச் சட்டம் அவருக்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும்.